காசு குறைந்தால் கொம்பனை யார் காப்பது? யானை வேட்டைத் தடுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியைத் தாண்டினால் பெரியாறு புலிகள் காப்பகம் தொடங்கிவிடுகிறது. 925 சதுர கிலோமீட்டர் காடு. 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் அதன் நடுவே ஏரியாக விரிந்து கிடக்கிறது. தேனி மாவட்டத்து வயல்களுக்குப் பாயும் அதே நீரைத்தான் மாலையில் யானைகள் இறங்கிவந்து குடிக்கின்றன. காட்டின் நிர்வாகம் கேரளத்தினுடையது. ஆனாலும் இதன் கதையில் தமிழ்நாட்டுப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நல்லதிலும் பங்கு உண்டு, கெட்டதிலும் பங்கு உண்டு.

யானை வேட்டையைத் தடுக்கப் போதிய பணம் இல்லாதபோது என்ன செய்யலாம் என்று பலரும் கேட்கிறார்கள். பதில் சொல்ல இந்தக் காட்டைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இங்கே கொம்பன்கள், அதாவது தந்தமுள்ள ஆண் யானைகள், ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டன. பிறகு வெளியிலிருந்து பணம் வந்தது, சில ஆண்டுகளில் அது நின்றும் போனது. பணம் நின்ற பிறகும் காவல் நிற்கவில்லை.

வேட்டைக்காரர்கள் ஏன் ஆண் யானைகளையே குறிவைக்கிறார்கள்?

ஆசிய யானைகளில் நீண்ட தந்தம் ஆணுக்குத்தான் உண்டு. ஆண்களிலும் தந்தமில்லாத மக்னாக்கள் இருக்கின்றன. ஆகவே இங்கே வேட்டை என்பது கூட்டத்தை அழிப்பதாக இருப்பதில்லை, வளர்ந்த கொம்பன்களைத் தேடிப்பிடித்துக் கொல்வதாகவே இருக்கிறது. மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் காட்டில் யானைகள் நிறைய இருப்பதாகத் தோன்றும். உள்ளே நடக்கும் சேதம் அந்த எண்ணிக்கையில் தெரியாது.

பெரியாற்றில் 1969 வாக்கில் ஒரு வளர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ ஆறு பெண் யானைகள் இருந்தன. 1980களின் இறுதியில் அது ஒரு ஆணுக்கு நூறு பெண்களையும் தாண்டிவிட்டது. இருபதே ஆண்டுகளில் நடந்த சேதம் இது. யானையின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 22 மாதம். அடுத்த கன்றுக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட விலங்கில் இணைசேர ஆணே கிடைக்காவிட்டால் ஒரு தலைமுறையே குறைந்துபோகும். அந்த ஆண்டுகளில் பெரியாற்றுக் கூட்டங்களில் கன்றுகள் மிக அரிதாகவே காணப்பட்டன.

வேட்டை உடலையே மாற்றிவிடும் என்பதற்கு மொசாம்பிக்கின் கொரொங்கோசா சான்று. ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகள் கொன்று குவிக்கப்பட்டன. போருக்கு முன் அங்கே பெண் யானைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவையே தந்தமின்றி இருந்தன. போருக்குப் பின் பெண்களில் பாதிக்குத் தந்தமே இல்லை. தந்தம் இல்லாதவை பிழைத்தன, தம் குணத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தன.

தந்த வணிகத்துக்குத் தடை இருக்கிறது. பிறகு எப்படி வேட்டை நடக்கிறது?

தடை பழையதுதான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 1977இல் யானை, மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் அதன் முதல் அட்டவணைக்கு மாற்றப்பட்டது. 1986இல் இந்திய யானைத் தந்த வணிகம் தடைசெய்யப்பட்டது. அப்போதும் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு அனுமதி இருந்ததால், எது எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் சொல்வதை நம்பவேண்டியிருந்தது. 1991இல் அந்த வழியும் அடைக்கப்பட்டது.

ஆனால் வாங்குகிறவர் இருக்கும்வரை கொல்கிறவரும் இருப்பார். 2015இல் கேரளத்தின் மலையாற்றூர், இடமலையாறு பகுதியில் நடந்த வேட்டை வெளியே வந்தது எப்படி என்று பாருங்கள். வனத்துறையில் வாட்சராக வேலை பார்த்த ஒருவர், வேட்டைக் கும்பலோடு காட்டுக்குள் போனவர், தாமாகவே முன்வந்து ஒப்புக்கொண்டார். அதுவரை நடந்த கொலைகள் கணக்கிலேயே இல்லை. விசாரணை திருவனந்தபுரத்துத் தந்தச் சிற்பிகள், கொல்கத்தா, டெல்லி என்று நீண்டது. எழுபதுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். டெல்லியில் மட்டும் நானூறு கிலோவுக்கு மேல் தந்தம் பிடிபட்டது.

காட்டில் துப்பாக்கி பிடிப்பவருக்குக் கிடைப்பது சொற்பம். பெரும் பணம் நகரத்தில் இருக்கிறது. காவலுக்கான பணமோ காட்டுக்குள்ளேயே குறைவு, நகரத்துப் புலனாய்வுக்கு அதைவிடக் குறைவு. தமிழ்நாட்டிலும் பழைய யானை வேட்டை வழக்குகளை விசாரிக்க 2022இல் சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டுச் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைக்கவேண்டி வந்தது.

இன்றும் வேட்டைதான் முதல் ஆபத்தா?

இல்லை. இந்தியாவில் மனிதரால் சாகும் யானைகளில் அதிகமானவை மின்சாரத்தால் சாகின்றன. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இரவில் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன. காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்த வெடியை, கடித்துத் தாடை சிதைந்த யானைகள் பல நாள் பட்டினியில் துடித்துச் சாகின்றன.

இவற்றை வேட்டையிலிருந்து தனியே பிரித்துப் பார்க்கமுடியாது. சுருக்குக் கம்பியைக் கண்டெடுப்பதும், திருட்டு மின்கம்பியைக் கண்டுபிடிப்பதும், துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்பதும் ஒரே ஆள்தான். அவர் நடந்தால் எல்லாம் தெரியவரும், நடக்காவிட்டால் ஒன்றுமே தெரியாது.

நிதி குறைகிறது என்றால் காட்டில் உண்மையில் எது குறைகிறது?

வேட்டைத் தடுப்புக் காவலரின் கூலி முதலில் தாமதமாகும். இதுதான் என்னை மிகவும் வருத்துவது.

தமிழ்நாட்டுக் காடுகளிலும் கேரளக் காடுகளிலும் உள்முகாம்களில் தங்கி நடப்பவர்களில் பெரும்பாலோர் நிரந்தர ஊழியர்கள் அல்லர். இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், காடர், மலசர், பளியர், மன்னான் குடிகளைச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். ஒப்பந்தத்திலோ தினக்கூலியிலோ இருக்கிறார்கள். காட்டில் ஒடிந்த கிளையைப் பார்த்தே நேற்று யார் போனது என்று சொல்லக்கூடியவர்கள். அலுவலகப் பதிவேட்டில் அவர்கள் ஒரு தற்காலிகச் செலவினம். நிதி வரத் தாமதமானால் நிரந்தர ஊழியரின் சம்பளம் நிற்காது, இவர்களுடையது நிற்கும். இரண்டு மூன்று மாதம் கூலி வராத காவலர் குமுளியிலோ கூடலூரிலோ மளிகைக் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கிக்கொண்டு முகாமுக்குப் போகவேண்டியிருக்கிறது.

அடுத்து ஜீப்புக்கு டீசல் குறையும். முகாமின் கூரை ஒழுகும். மழைக்கோட்டும் பூட்ஸும் அட்டைக்கடிக்கான உறையும் வராது. ஐந்து பேர் இருக்கவேண்டிய முகாமில் இரண்டு பேர் இருப்பார்கள். இரண்டு பேரால் இரவு ரோந்து போகமுடியாது, ஏனென்றால் முகாமிலும் ஒருவர் இருக்கவேண்டும். ஆக, முகாம் இருக்கும், காவல் இருக்காது. வரைபடத்தில் அந்த இடம் பாதுகாப்பாகவே தெரியும்.

பணம் மொத்தமாக இல்லை என்பதைவிட, நேரத்துக்கு வருவதில்லை என்பதே பல இடங்களில் சிக்கல். மத்திய அரசின் பங்கும் மாநிலத்தின் பங்கும் சேர்ந்து வரவேண்டிய திட்டங்களில் முதல் தவணையே நிதியாண்டின் பாதியில் வருவதுண்டு. ஏப்ரலில் தொடங்கும் ஆண்டில் செப்டம்பரில் வரும் பணம் கோடைக் காவலுக்கு உதவாது. கோடையில் யானைகள் நீரோரம் கூடுகின்றன, வேட்டைக்காரருக்கும் அது தெரியும்.

யானைக்கென்று தனித் திட்டம் இருக்கிறதே?

யானைத் திட்டம் 1992இல் தொடங்கியது. 2010இல் யானை தேசியப் பாரம்பரிய விலங்காக அறிவிக்கப்பட்டது. நாட்டில் 33 யானைகள் காப்பகங்கள் இருக்கின்றன, அவற்றில் ஐந்து தமிழ்நாட்டில். தமிழ்நாட்டில் கடைசியாக வந்தது 2022இல் அகத்தியமலை.

ஆனால் புலிகள் காப்பகத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, யானைகள் காப்பகத்துக்கு இல்லை. அது ஒரு நிர்வாக அறிவிப்பு, அவ்வளவுதான். மகேஷ் ரங்கராஜன் தலைமையிலான பணிக்குழு 2010இலேயே இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி, யானைக்கும் புலியைப்போல் தேசிய ஆணையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது நடக்கவில்லை. 2023இல் புலித் திட்டமும் யானைத் திட்டமும் ஒரே தலைப்பின்கீழ் இணைக்கப்பட்டன.

விளைவு: புலிகள் காப்பகத்துக்குள் வாழும் யானை புலியின் பணத்தில் பிழைக்கிறது. ஓசூர், தருமபுரி, கோவை போன்ற சாதாரண வனக்கோட்டங்களில் நடமாடும் யானைக்கு அந்த நிழலும் இல்லை. யானையோ எல்லைக்கோட்டைப் பார்த்து நடப்பதில்லை.

ஒரு காட்டைக் காக்க எவ்வளவு பணம் வேண்டும்?

இதற்கு ஒரே விடை கிடையாது. ஆனால் 1980களில் ஜாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கில் நைஜல் லீடர்-வில்லியம்ஸ் குழுவினர் செய்த ஆய்வு இன்றும் வழிகாட்டுகிறது. அங்கே யானைகளும் கறுப்புக் காண்டாமிருகங்களும் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன. ரோந்து அடர்த்தியாக நடந்த பகுதிகளில் சரிவு மெதுவாக இருந்தது, ரோந்து குறைந்த பகுதிகளில் வேகமாக இருந்தது. யானைகள் குறையாமல் இருக்கச் சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 200 டாலர், அன்றைய மதிப்பில், தேவை என்று அவர்கள் கணக்கிட்டார்கள். உண்மையில் செலவானது அதில் ஒரு சிறு பகுதி.

இந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்தமுடியாது. கூலி வேறு, காடு வேறு, வேட்டையின் விதமும் வேறு. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். இருக்கும் கொஞ்சப் பணத்தைப் பெரிய பரப்பு முழுவதும் மெல்லியதாகத் தடவினால் எங்குமே பலன் இருக்காது. கொம்பன்கள் கூடும் நீர்நிலைகள், மலைப்பாதைகள், வேட்டைக்காரர் நுழையும் கணவாய்கள் என்று தேர்ந்தெடுத்து அடர்த்தியாக நடக்கவேண்டும்.

தண்டனையைக் கடுமையாக்கினால் செலவில்லாமல் வேட்டை குறையாதா?

தண்டனை ஏற்கெனவே கடுமையானதுதான். யானையைக் கொன்றாலோ அதன் உறுப்பை விற்றாலோ மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை. 2022இல் நிறைவேறிய திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. ஆனால் பிடிபடுவோம் என்ற பயம் இருந்தால்தான் தண்டனையின் அளவு மனதில் ஏறும். லுவாங்வா தரவுகளை வைத்துப் பின்னர் செய்த கணக்கும் இதையே காட்டியது. பிடிபடும் வாய்ப்பு கூடினால் வேட்டை குறையும், சிறைக்காலத்தை மட்டும் நீட்டினால் அவ்வளவாகக் குறையாது. வழக்கு பத்தாண்டு இழுத்தால் சாட்சி மறந்துவிடுவார், அல்லது மறந்துவிட்டதாகச் சொல்வார். தடயத்தை ஒழுங்காகச் சேகரிக்கவும் வழக்கறிஞருக்குக் கொடுக்கவும் கொஞ்சம் பணம் ஒதுக்கினால், புதிய சட்டம் எழுதுவதைவிட அதிகப் பயன் கிடைக்கும்.

பெரியாற்றில் என்ன செய்தார்கள்?

1996 முதல் 2004 வரை இந்தியாவில் ஏழு காடுகளில் உலக வங்கி, உலகச் சூழல் நிதியம் ஆகியவற்றின் உதவியோடு, காட்டை நம்பி வாழ்பவர்களுக்கு மாற்றுவழி தரும் சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பெரியாறு அவற்றில் ஒன்று. மற்ற இடங்களில் இந்தப் பணத்தில் அடுப்பு கொடுத்தார்கள், கட்டடம் கட்டினார்கள். பெரியாற்று அதிகாரிகளும் அப்படிச் சில செய்தார்கள்தான். ஆனால் கூடவே, காட்டைத் திருடிக்கொண்டிருந்தவர்களிடம் நேரில் போய்ப் பேசினார்கள்.

குமுளியைச் சுற்றி, காட்டுக் கருவா மரத்தின் பட்டையை உரித்துக் கடத்தி விற்றுக்கொண்டிருந்த ஒரு கும்பல் இருந்தது. காட்டில் நாள்கணக்கில் தங்குவார்கள், வனத்துறை எங்கே எப்போது வரும் என்று அவர்களுக்கு அத்துப்படி. ஒவ்வொருவர் தலையிலும் பல வழக்குகள். பட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வியாபாரி தருவதோ அற்பத் தொகை, பாதி நாட்கள் தலைமறைவு வாழ்க்கை. அவர்களில் 23 பேர் 1998இல் சரணடைந்து குழுவாகச் சேர்ந்தார்கள். வழக்குகளைத் தீர்க்க உதவுவது துறையின் பொறுப்பு, காட்டைக் காப்பது அவர்கள் பொறுப்பு என்று உடன்பாடு ஆனது.

இன்று தேக்கடிக்குப் போகும் பயணிகளை மூங்கில் தெப்பத்தில் ஏரியைக் கடக்கவைத்து, நாள் முழுதும் காட்டில் கூட்டிப்போவது இவர்கள் தொடங்கிய வேலை. பயணிக்கு அது உல்லாசம். காப்பகத்துக்கு அது ரோந்து. தெப்பம் போகும் கரையில் வேட்டைக்காரர் முகாம் போடமுடியாது. கட்டணத்திலிருந்து அவர்களுக்குக் கூலி, மீதி ஊர்ப் பொது நிதிக்கு. மற்ற நாட்களில் இரவு ரோந்தும் போகிறார்கள். அவர்கள் கொடுத்த தகவலில் பழைய கூட்டாளிகள் பலர் பிடிபட்டார்கள்.

தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து மாடுகளைக் காட்டுக்குள் மேய்க்க ஓட்டிப்போனவர்களுக்கும் ஒரு குழு அமைந்தது. மேய்ச்சலைக் கைவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்வழியே பயணிகளை மாட்டுவண்டியில் அழைத்துப்போகும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். மாடு உள்ளே போகாதபோது அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு நுழைபவர்களும் குறைந்தார்கள். மன்னான், பளியர் குடியினர் வழிகாட்டிகளானார்கள்.

குற்றம் செய்தவர்களுக்கு வேலை கொடுப்பது மற்றவர்களுக்குத் தவறான பாடம் ஆகாதா?

கேள்வி நியாயமானது. ஒழுங்காக இருந்தவருக்கு ஒன்றும் கிடைக்காமல் திருடியவருக்கு வேலை கிடைத்தால் ஊரில் முணுமுணுப்பு எழும். அதனால்தான் பெரியாற்றில் பட்டை உரித்தவர்களுக்கு மட்டும் குழு அமைத்து நிறுத்தாமல், விறகு, மேய்ச்சல், மீன்பிடிப்பு, சபரிமலைப் பாதைக் கடைகள் என்று காட்டைச் சார்ந்து வாழ்ந்த எல்லாப் பிரிவினருக்கும் குழுக்கள் அமைத்தார்கள். தவிர, இந்த ஏற்பாடு கூலிக்குச் சுடும் உள்ளூர் ஏழைக்குத்தான் பொருந்தும். பணம் கொடுத்து அனுப்பும் தந்த வியாபாரிக்குப் தெப்பமோட்டும் வேலை கொடுத்துத் திருத்தமுடியாது. அவருக்குச் சிறைதான் சரி.

திட்டம் முடிந்து பணம் நின்றதும் என்ன ஆனது?

வெளிநாட்டு உதவியில் நடக்கும் திட்டங்களுக்கு வழக்கமாக நேரும் கதி தெரிந்ததே. கடைசி அறிக்கை அச்சாகும், பலகை துருப்பிடிக்கும், ஆட்கள் கலைந்துபோவார்கள். பெரியாற்றில் அதற்கு முன்னதாகவே யோசித்தார்கள். 2004இல் பெரியாறு அறக்கட்டளை உருவானது. காப்பகத்துக்கு வரும் பயணிகளிடம் நுழைவுக் கட்டணத்தோடு வாங்கும் சூழல் மேம்பாட்டுக் கூடுதல் கட்டணம் அந்த அறக்கட்டளைக்குப் போகும். அரசுக் கருவூலத்துக்குப் போய் ஓராண்டு கழித்துத் திரும்பாமல், காட்டுக்கே உடனே பயன்படும்.

2006இல் சட்டம் திருத்தப்பட்டபோது ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை அமைக்க வகை செய்யப்பட்டது. முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை ஆகியவற்றுக்கு அது பொருந்தும். பெரியாற்றை ஒட்டியிருக்கும், 2021இல் அறிவிக்கப்பட்ட, திருவில்லிபுத்தூர் மேகமலைக்கும் பொருந்தும்.

இதில் ஒரு பலவீனம் வெளிப்படையாகவே இருக்கிறது. பயணி வராவிட்டால் பணம் வராது. 2018இல் கேரளத்தைப் புரட்டிய வெள்ளமும் 2020இன் ஊரடங்கும் சுற்றுலாவைத் திடீரென்று நிறுத்தின. வேலையிழந்த ஊரில் காட்டுக்குள் போகும் ஆசை கூடும் நேரமும் அதுதான். ஆகவே நல்ல ஆண்டுகளில் வரும் பணத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் ஒதுக்கிவைக்கவேண்டும். குறைந்தது ஆறு மாதக் கூலி கையிருப்பில் இல்லாத அறக்கட்டளையை நான் பாதுகாப்பானது என்று சொல்லமாட்டேன்.

சுற்றுலா இல்லாத காடுகளுக்கு இந்த வழி உதவாது என்பதையும் சொல்லவேண்டும். தருமபுரி வனக்கோட்டத்துக்கு யார் தெப்பம் ஏற வரப்போகிறார்கள்? அங்கே அரசின் பணம்தான் வழி.

பெண்கள் சம்பளமே இல்லாமல் ரோந்து போகிறார்களாமே?

ஆம். தேக்கடியைச் சுற்றியுள்ள குழுக்களின் பெண்கள் 2002இல் வசந்த சேனை என்று தாங்களே கூடினார்கள். முறைவைத்து, நாளுக்கு ஐந்தாறு பேராகச் சேர்ந்து, காட்டின் ஓரப்பகுதியில் நடக்கிறார்கள். சந்தன மரங்கள் இருக்கும் பகுதியில் அவர்களின் கண் இருக்கிறது. கூலி வாங்குவதில்லை. வீட்டு வேலையை முடித்துவிட்டு, வேறொரு நாள் கூலியை இழந்து வந்து நடக்கும் அந்தப் பெண்கள்மீது எனக்குப் பெரும் மதிப்பு.

அதனாலேயே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அவர்களைக் காட்டி, பார்த்தீர்களா, பணமே தேவையில்லை என்று எந்த அதிகாரியும் கணக்கு எழுதக்கூடாது. பகல் நேரத்தில் காட்டோரம் நடப்பது வேறு, துப்பாக்கி வைத்திருப்பவரை எதிர்பார்த்து இரவில் உள்காட்டில் கிடப்பது வேறு. இரண்டாவது வேலைக்குக் கூலியும் காப்பீடும் கொடுத்தே ஆகவேண்டும்.

ட்ரோன், தானியங்கிக் கேமரா போன்றவை ஆட்செலவைக் குறைக்காதா?

சிறிது உதவும். கைப்பேசியில் ரோந்துப் பாதையைப் பதியும் செயலிகள் மலிவானவை, யார் எங்கே நடந்தார், எங்கே நடக்கவே இல்லை என்பதைக் காட்டிக்கொடுக்கும். அடர்ந்த மழைக்காட்டில் மேலே பறக்கும் ட்ரோனுக்கு இலைகள்தான் தெரியும். கேமராவில் ஆள் பதிந்தாலும் போய்ப் பிடிக்க ஆள் வேண்டும். நன்கொடையாளர்கள் கருவி வாங்கித்தர விரும்புவார்கள், படம் எடுத்துப் போடலாம். கூலி கொடுக்க முன்வருபவர்கள் குறைவு. மோப்ப நாய்கள் மட்டும் விதிவிலக்கு: சோதனைச்சாவடியில் ஒரு நல்ல நாய் தன் செலவைவிடப் பல மடங்கு வேலை செய்யும்.

பறிமுதல் செய்த தந்தத்தை விற்று அந்தப் பணத்தில் யானையைக் காக்கலாமே?

பலருக்கும் இது சுலபமான வழியாகத் தோன்றுகிறது. செய்தும் பார்த்துவிட்டார்கள். 1999இல் ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியைச் சேர்ந்த மூன்று நாடுகள் ஏறத்தாழ 50 டன் தந்தத்தை ஜப்பானுக்கு விற்றன. 2008இல் போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே ஆகியவை நூறு டன்னுக்கு மேல் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் விற்றன. இரண்டாவது விற்பனையில் நான்கு நாடுகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் ஒன்றரைக் கோடி டாலர். அடுத்த சில ஆண்டுகளில் ஆப்பிரிக்கா முழுவதும் வேட்டை ஏறி, 2011இல் உச்சத்தைத் தொட்டது. விற்பனைதான் காரணமா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் கடையில் சட்டப்படியான தந்தம் இருந்தால் திருட்டுத் தந்தம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்பதை 1986க்கும் 1991க்கும் இடைப்பட்ட நம் அனுபவமே சொல்கிறது.

சீனா 2017 இறுதியில் உள்நாட்டுத் தந்த வணிகத்தை மூடியது. கென்யா 2016இல் 105 டன்னை எரித்தது. இந்தியச் சட்டம் விற்க இடம் தரவில்லை. அப்படியே இருக்கட்டும். ஒரு முறை வரும் பணத்துக்காக ஒரு சந்தையை உயிர்ப்பித்தால், பிறகு அதை அடக்க ஆண்டுதோறும் செலவழிக்கவேண்டும்.

வெளிநாட்டு உதவி நின்றால் நமக்கு என்ன பாதிப்பு?

இந்தியக் காடுகளின் காவல் பெரும்பாலும் நம் வரிப்பணத்தில் நடக்கிறது. ஆப்பிரிக்காவின் நிலை வேறு. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, காங்கோ படுகை போன்ற இடங்களில் பல ஆண்டுகளாக அந்தப் பணத்தை நம்பியிருந்த காவல் பணிகள் ஆட்டம் கண்டன. பெரியாறு 2004இல் செய்ததை அங்கே பல காடுகள் செய்ய வாய்ப்பே கிடைக்கவில்லை. யானைக் காட்டில் சுற்றுலாப் படகு ஓடுமளவுக்கு அமைதியும் சாலையும் எல்லா நாட்டுக்கும் வாய்ப்பதில்லை.

பயிர் அழிந்த விவசாயிக்கும் வேட்டைக்கும் என்ன தொடர்பு?

மிக நெருக்கமான தொடர்பு. இந்தியாவில் ஆண்டுதோறும் ஐந்நூறு பேருக்கு மேல் யானைகளால் உயிரிழக்கிறார்கள். ஒரே இரவில் வாழைத் தோட்டம் போனவர், இழப்பீட்டுக்கு மனு எழுதி அலுவலகம் அலுவலகமாக அலைந்து, ஓராண்டு கழித்துப் பாதித் தொகை வாங்கினால், அவருக்கு யானைமேல் என்ன பரிவு இருக்கும்? இரவில் அந்நியர் மூவர் மலையேறிப் போவதைப் பார்த்தாலும் அவர் யாருக்கும் சொல்லமாட்டார். அவர் வேட்டைக்காரர் அல்லர். அவருடைய மௌனம் போதும் வேட்டைக்காரருக்கு.

உளவுத் தகவலுக்கென்று தனியே பணம் தேடுவதைவிட, இழப்பீட்டை முப்பது நாளில் கொடுத்துவிட்டால் காட்டோரத்தில் ஒவ்வொரு வீடும் காவல்வீடாகும் என்று நான் நம்புகிறேன். வேட்டைத் தடுப்பின் நிதிக்கணக்கில் இழப்பீட்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

பணம் மிகவும் குறைந்துவிட்டது. எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது?

கூலியை வெட்டக்கூடாது, தாமதிக்கவும் கூடாது. வண்டி நிற்கலாம், முகாமில் வெள்ளையடிப்பது நிற்கலாம், கருத்தரங்கும் கண்காட்சியும் தாராளமாக நிற்கலாம். உள்முகாமில் இருக்கும் ஐந்து பேரின் அரிசி, பருப்பு, கூலி, பூட்ஸ், காய்ச்சலுக்கு மருந்து, அவர்கள் இறந்தால் குடும்பத்துக்குப் போகும் காப்பீடு ஆகியவற்றில் கைவைக்கக்கூடாது. அதற்கும் போதவில்லை என்றால், எல்லா முகாமிலும் இரண்டிரண்டு பேரை வைக்காமல், கொம்பன்கள் திரியும் பகுதிகளில் முழுமையாக ஐவரை வையுங்கள். விட்ட பகுதிகளுக்கு மாதத்தில் சில நாட்கள், முன்னறிவிக்காமல், பெரிய குழுவாகப் போங்கள்.

பிறகு இழப்பீடு. பிறகு வழக்குகள். கருவிகள் கடைசியில்.

கூலி வராத காவலரிடம்தான் வேட்டைக் கும்பல் முதலில் பேச்சுக் கொடுக்கும். எந்தப் பகுதிக்கு இன்று ரோந்து இல்லை என்ற ஒரே தகவல் அவர்களுக்குப் பல ஆயிரம் ரூபாய் பெறும். 2015இல் அந்த வாட்சர் வாய்திறந்ததால் ஒரு வலைப்பின்னலே சிக்கியது. வாய்திறக்காத இன்னும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால், நாம் மிச்சம் பிடிக்கும் கூலி யாருக்கு லாபம் என்பது விளங்கும்.

சாதாரண வாசகர் என்ன செய்யலாம்? யானை முடி மோதிரம் வாங்குவதும் தவறா?

தவறு, சட்டப்படி குற்றமும்கூட. கோயில் வாசலிலோ கடைவீதியிலோ வெள்ளியில் கட்டி விற்கும் யானை முடி மோதிரம் பெரும்பாலும் போலி. உண்மையானதாக இருந்தால் அது முதல் அட்டவணை விலங்கின் உறுப்பு. வாங்கவேண்டாம், பரிசாகக் கொடுத்தாலும் ஏற்கவேண்டாம். பழைய தந்தப் பொருள் விற்பனைக்கு இருக்கிறது என்று யாராவது காதில் ஓதினால் அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

காப்பகத்துக்குப் பயணமாகப் போனால், தனியார் ஜீப் சவாரியைத் தேடாமல், உள்ளூர்க் குழுக்கள் நடத்தும் நடைப்பயணத்திலும் தெப்பப் பயணத்திலும் சேருங்கள். அந்த டிக்கெட் பணம் காவலுக்குப் போகிறது. நன்கொடை கொடுக்க விரும்பினால் காப்பகத்தின் அறக்கட்டளைக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது இது வேட்டைத் தடுப்புக் காவலர்களின் கூலிக்கும் காப்பீட்டுக்கும் என்று எழுதிக் கொடுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரு கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தால், நம் மாவட்டத்து வனக்காவலர்களுக்குக் கடைசியாக எந்த மாதத்துக் கூலி வந்தது என்று கேளுங்கள்.